வில்லா முதல் வில்லங்கம் வரை: மாமா பதில்கள்

கே: முதியோர் இல்லத்துக்கும் 'சீனியர் லிவிங் கம்யூனிட்டி'க்கும் என்ன வித்தியாசம்? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

ப: முன்னதில் பிள்ளை கொண்டுவந்து விடுவான். பின்னதில் நீங்களே செக் எழுதிவிட்டு நுழைவீர்கள். முன்னதைக் கேள்விப்பட்டால் உறவுக்காரர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். பின்னதைக் கேள்விப்பட்டால் 'சதுர அடி என்ன ரேட்?' என்பார்கள்.

கே: இந்த வியாபாரத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார், மாமா? (சிவில் இன்ஜினீயரிங் மாணவன், திருச்சி)

ப: டெல் வெப் என்ற அமெரிக்கர். தச்சு வேலையில் தொடங்கிப் பெரிய கான்ட்ராக்டர் ஆனவர். 1960 ஜனவரி 1 அன்று, அரிசோனாவில் பருத்தி விளைந்த நிலத்தில் 'சன் சிட்டி'யைத் திறந்தார். பத்தாயிரம் பேர் வந்தால் அதிகம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த வார இறுதியில் வந்து குவிந்தது ஏறக்குறைய ஒரு லட்சம். 1962-ல் 'டைம்' பத்திரிகையின் அட்டையிலேயே மனிதர் இடம்பிடித்தார்.

பக்கத்திலேயே 'யங்டவுன்' என்று முதியோருக்கான ஊர் ஒன்று 1954-லேயே வந்துவிட்டது. பாவம், கோல்ஃப் மைதானம் போட மறந்துவிட்டார்கள். வரலாறும் வேடிக்கை பார்க்கிற இடத்துக்குத்தான் போகும்.

கே: டெல் வெப் நல்லவரா, கெட்டவரா? (சினிமா ரசிகர், மதுரை)

ப: கான்ட்ராக்டர். லாஸ் வேகாஸில் பக்ஸி சீகல் என்ற தாதாவுக்கு ஃபிளமிங்கோ ஹோட்டலைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். அரிசோனாவில் தாத்தாக்களுக்கு ஊரைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். தாதாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் ஒரு 'த்' மட்டுமே வித்தியாசம்.

கே: அமெரிக்காவில் சில முதியோர் குடியிருப்புகளில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லையாமே! அது குற்றம் இல்லையா? (ஒரு பாட்டி, பல்லாவரம்)

ப: குழந்தை இருக்கிறது என்பதற்காக வீடு தர மறுப்பது அங்கே 1988 முதல் சட்டவிரோதம். முதியோர் குடியிருப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எண்பதிலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் உள்ள 'தி வில்லேஜஸ்' குடியிருப்பில், 19 வயது ஆகாத பேரப்பிள்ளை வருஷத்துக்கு 30 நாள் வந்து தங்கலாம்.

உண்மையைச் சொல்லுங்கள் பாட்டி. மே இருபதாம் தேதிக்கு மேல் 'ஸ்கூல் என்னைக்குத் திறக்கிறான்?' என்று நீங்களே காலண்டரைப் பார்த்ததில்லை?

கே: 'தி வில்லேஜஸ்' என்றால் நிஜமாகவே கிராமமா? (ஊராட்சி உறுப்பினர், தேனி மாவட்டம்)

ப: பெயரில் மட்டும். ஹரால்ட் ஷ்வார்ட்ஸ் என்பவர் தபாலிலேயே மனை விற்றுப் பழகியவர். அவர் நடத்திவந்த சிறிய டிரெய்லர் வீட்டுப் பேட்டையை மகன் கேரி மோர்ஸ் ஊராக வளர்த்தார். 2010-க்கும் 2020-க்கும் நடுவில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதி அதுதான். வளர்ச்சி 39 சதவீதம். பிரசவ வார்டின் தயவில்லாமல் ஜனத்தொகை பெருகிய அதிசயம்!

கே: பெரியவர்கள் மட்டும் கூடி வாழ்ந்தால் ஊருக்கு நல்லதுதானே? எல்லோரும் அனுபவசாலிகள்! (இளைஞர், சேலம்)

ப: சன் சிட்டியின் அனுபவசாலிகள் செய்ததைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் கட்டக் கடன் திரட்டலாமா என்று ஓட்டெடுப்பு வந்தபோது, 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் திரும்பத் திரும்ப வரிசையில் நின்று தோற்கடித்தார்கள். நம் பிள்ளைகள்தான் படித்து முடித்துவிட்டார்களே, இனி எவன் பிள்ளைக்கோ நாம் ஏன் வரி கட்ட வேண்டும்? கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டம் சன் சிட்டியையே கழற்றிவிட்டது. வரி மிச்சம், பெயர் போச்சு.

கே: முதியோர் குடியிருப்பு என்றாலே கோயம்புத்தூர் என்கிறார்களே, சென்னைக்கு என்ன குறைச்சல்? (மயிலாப்பூர்க்காரர்)

ப: கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பிள்ளை கலிஃபோர்னியாவில் என்றான பிறகு, அப்பா வடவள்ளியில் இருந்தால் என்ன, வடபழனியில் இருந்தால் என்ன?

சென்னையின் குறைச்சல் என்னவென்று தெரிய வேண்டுமானால் நவம்பர் வரட்டும். தரைத்தளத்தில் குடியிருப்பவரைக் கேளுங்கள்.

கே: விளம்பரத்தில் வரும் தாத்தாவும் பாட்டியும் ஏன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்? (குடும்பத் தலைவி, நாமக்கல்)

ப: இன்னும் மெயின்டனன்ஸ் பில் வரவில்லை.

கே: '24 மணி நேர மருத்துவ வசதி' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? (பி.பி.காரர், விழுப்புரம்)

ப: பகலில் ஒரு நர்ஸ், இரவில் ஒரு போன் நம்பர். சில இடங்களில் அதற்குத்தான் அந்தப் பெயர். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். எடுத்தால் 'தூக்கம் வரவில்லை, சும்மா கூப்பிட்டேன்' என்று சொல்லுங்கள். எடுக்காவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், பணம் மிச்சம்.

கே: சைட் விசிட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். வேன், மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். எதைப் பார்க்க வேண்டும்? (பென்ஷனர், வேலூர்)

ப: முதலில் சாப்பிடுங்கள். பிறகு அவர்கள் கிளப் ஹவுஸைக் காட்டுவார்கள், நீங்கள் பாத்ரூமைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றினால் தரை வழுக்குகிறதா? கைப்பிடிக் கம்பி ஆளைத் தாங்குமா, துண்டைத்தான் தாங்குமா? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவரே அதற்கு முட்டுக்கட்டை ஆகிவிடுவார். சக்கர நாற்காலி நுழைய வாசல் 90 சென்டிமீட்டராவது வேண்டும். லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாட்டத்தில் ஏற்ற முடியுமா என்று டேப் வைத்து அளங்கள். சேல்ஸ் பையன் முகம் மாறும். மாறட்டும்.

நீச்சல் குளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் வருஷத்துக்கு ஒருதரம் கால் நனைப்பீர்கள். பாத்ரூமுக்கு ராத்திரி ஒன்றுக்கே மூன்று தரம் போவீர்கள்.

கே: ரெரா பதிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? (வங்கி ஊழியர், ஈரோடு)

ப: கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம், வாங்கக் கூடாது. 2016-ல் வந்த அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட்டாக வேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சுவரில் விரிசல் விட்டால் ரெரா இருக்கிறது. சாம்பாரில் தண்ணீர் விட்டால்?

கே: மாதம் இவ்வளவுதான் என்று சொல்லி விற்றார்கள். வருஷா வருஷம் ஏற்றுகிறார்கள். கேட்டால் 'காஸ்ட் ஏறிப்போச்சு சார்' என்கிறார்கள். இது ஏமாற்றா? (ஓய்வுபெற்ற கருவூல அலுவலர், கோவை)

ப: பாதி ஏமாற்று, பாதி கணக்கு. கட்டடம் எழும்ப மூன்று வருஷம். அந்தக் கட்டடத்தில் நீங்கள் முதுமையை ஓட்ட வேண்டியது இருபது, முப்பது வருஷம். பில்டருடைய லாபம் முதல் மூன்றோடு முடிந்துவிடுகிறது. உங்களுக்குக் காரியம் ஆக வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு. சமையல்காரர், நர்ஸ், செக்யூரிட்டி என எல்லோருக்கும் சம்பளம் ஏறும், ஏறத்தான் வேண்டும். உங்கள் ஃபிக்சட் டெபாசிட் வட்டி மட்டும் கீழே இறங்கி வாக்கிங் போகும்.

ஆகவே சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்டிருக்க வேண்டும்: 'சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் கிளம்பிய பிறகு கிச்சனை யார் நடத்துவார்? கார்ப்பஸ் பணம் எந்த பேங்கில், யார் பெயரில் இருக்கும்?' மத்திய அரசு 2019-ல் ஒரு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுகிறவர், சேவையை நடத்துகிறவர், வாங்குகிறவர் ஆகிய மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது அது. அந்த மூன்று கையெழுத்தும் இல்லாத இடத்தில் மிச்சமிருப்பது உங்கள் தலையெழுத்து.

கே: அப்பா வாங்கிய ரிடையர்மென்ட் வில்லா இப்போது என் பெயருக்கு வந்துவிட்டது. எனக்கு வயது 41. குடியேறலாமா? (ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)

ப: பெரும்பாலான இடங்களில் பத்திரம் உங்களுக்கு, குடியிருக்கும் உரிமை வயதானவருக்கு. 55 நிரம்பிய ஒருவருக்கு வாடகைக்கு விடலாம், விற்கலாம். இல்லையென்றால் பதினாலு வருஷம் பொறுத்திருங்கள். ராமரே பொறுத்திருந்தார்.

கே: வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறு போட மறுக்கிறான். வழி உண்டா? (பெயர் வேண்டாம், தஞ்சாவூர்)

ப: உண்டு, ஐயா. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அவன் கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பிரிவின் கீழ் ஒரு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, சொத்தை அவர் கைக்கே திருப்பித் தர உத்தரவிட்டது.

இன்னும் எழுதிக் கொடுக்காத மற்ற பெரியவர்களுக்கு: அந்த நிபந்தனையை வாயால் சொல்லாதீர்கள், பத்திரத்தில் எழுதுங்கள். 'என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை' என்கிறீர்களா? அப்படியானால் எழுதுவதில் அவனுக்கு என்ன நஷ்டம்?

கே: பணக்காரக் குடும்பம் ஆரம்பித்து வைக்கும் தர்மம் எத்தனை நாள் ஓடும்? (சந்தேகப் பிராணி, காரைக்குடி)

ப: ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒன்று ஐந்நூறு வருஷம் தாண்டி ஓடுகிறது. யாகோப் ஃபுக்கர் என்று ஒரு வட்டித் தொழில் சக்கரவர்த்தி. ஐந்தாம் சார்லஸ் 1519-ல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படக் கடன் கொடுத்துக் காரியத்தை முடித்த ஆசாமி. அவர் 1521-ல் உள்ளூர் ஏழைகளுக்கென்று 'ஃபுக்கரை' என்ற குடியிருப்பைச் சாசனம் எழுதி வைத்தார். அன்றைய வாடகை ஒரு ரைன் கில்டர். இன்றைய வாடகை 88 சென்ட், அதாவது ஒரு யூரோகூட இல்லை. மாதத்துக்கு என்று நினைத்தீர்களா? வருஷத்துக்கு!

ஆக்ஸ்பர்க்காரராக, கத்தோலிக்கராக, கையில் காசில்லாதவராக இருக்க வேண்டும். ஃபுக்கர் குடும்பத்துக்காகத் தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வாசல் சாத்திவிடுவார்கள். பிந்தி வருகிறவர் காவலர் கையில் சில்லறை வைக்க வேண்டும். மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா, ஒரு கொத்தனார், இங்கே குடியிருந்தவர்தான்.

ஃபுக்கர்களின் வட்டித் தொழில் எப்போதோ மூழ்கிவிட்டது. 1944-ல் குண்டு விழுந்து குடியிருப்பும் பெரும்பாலும் நொறுங்கியது. ஆனாலும் அறக்கட்டளை எழுந்து நின்று திரும்பக் கட்டியது. எப்படி? அதன் சொத்து காட்டில் இருக்கிறது. மரம் வளரும், விற்கும், பணம் வரும். நம் வள்ளல்கள் கட்டடத்தைக் கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கரண்ட் பில் கட்டக் காட்டை யார் கொடுப்பது?

கே: வாடகைக்குப் பதில் ஜெபமா! நம் பில்டர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்களா? (அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், ஆவடி)

ப: இங்கேயும் குடியிருப்பவர்கள் தினமும் பில்டரை நினைத்து மனசுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது.

கே: நன்றியை எதிர்பார்க்காத வள்ளல் கதையில்தானே உண்டு? (தமிழாசிரியை, திருநெல்வேலி)

ப: இத்தாலிய இசை மேதை வெர்டி, வசதியில்லாத வயதான இசைக் கலைஞர்களுக்காக மிலான் நகரில் ஓர் இல்லம் கட்டினார். 1899-ல் கட்டடம் தயார். ஆனால் தான் உயிரோடு இருக்கும்வரை யாரையும் குடியேற்றக் கூடாது என்றார். எல்லோரும் வந்து நன்றி சொல்வார்களே என்ற கூச்சம். 1901-ல் அவர் காலமானார், 1902-ல் இல்லம் திறந்தது. தன் ஓபராக்களின் ராயல்டியையும் அதற்கே எழுதி வைத்திருந்தார். ஃபுக்கருக்குக் காடு, இவருக்குப் பாட்டு.

இங்கே திறப்பு விழாக் கல்வெட்டு முதலில் தயாராகிவிடும். பாக்கி கட்டடம்தான்.

கே: கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குக் கொடுக்கிறார்களே, அதுவும் தர்மம்தானே? (பி.காம். மாணவி, விருதுநகர்)

ப: 2013-ம் வருஷக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகளை, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொல்கிறது. முதியோர் இல்லம் கட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் சொல்லிக் கொடுத்தால் அது பாக்கி. சொல்லாமல் கொடுத்தால் தர்மம். கொடுத்ததைவிட அதிகம் விளம்பரத்துக்குச் செலவழித்தால் மார்க்கெட்டிங்.

கே: அமெரிக்கப் பணக்காரர்கள் மட்டும் ஏன் அவ்வளவு அள்ளிக் கொடுக்கிறார்கள்? மனசு பெரிதா? (ஆடிட்டர் அலுவலக ஊழியர், சிவகாசி)

ப: மனசும் உண்டு, வரியும் உண்டு. பெரிய சொத்தை வாரிசுக்கு விட்டுப்போனால் அங்கே 40 சதவீதம் வரை எஸ்டேட் வரி. அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அது இல்லை. ஆனால் குடும்ப அறக்கட்டளை பணத்தைப் பூட்டிவைத்து அழகு பார்க்க முடியாது. சொத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தை வருஷா வருஷம் வெளியே விட்டாக வேண்டும். இந்தியாவில் எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். இங்கே எமன் தனியாகத்தான் வருகிறான். அங்கே வரி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

கே: வீடு கட்டி விற்பவர்களில் ஒரு வள்ளலையாவது காட்ட முடியுமா? (சவால் விடும் வாசகர், ஓசூர்)

ப: பி.என்.சி. மேனன். ஓமனில் உள் அலங்கார வேலையில் தொடங்கி, பெங்களூரில் மனைவி பெயரிலேயே 'சோபா' நிறுவனத்தை வளர்த்தவர். சொத்தில் பாதியைக் கொடுப்பதாக 'கிவிங் பிளெட்ஜ்' உறுதிமொழியில் சேர்ந்தவர். பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் அவருடைய அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ மையம், முதியோருக்கு இல்லம் எல்லாம் அமைத்தது. இல்லத்தின் பெயரிலும் 'சோபா' உண்டு. கல்யாண நாளுக்குச் சுங்கிடிச் சேலை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காலரைத் தூக்கிவிடும் கணவன்மார்கள் கவனிக்க.

கே: தர்மத்துக்குச் சொத்து எழுதி வைத்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? (உயில் எழுத யோசிப்பவர், செங்கல்பட்டு)

ப: பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கு உயில் எழுதிவிட்டு 1794-ல் காலமானார். சொத்து வழக்கில் சிக்கி, மீண்டு, அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். எந்த அறக்கட்டளையிலும் முதல் பயனாளி வக்கீல்தான்.

கே: சென்னையில் முதியோருக்கென்று பழைய இடம் ஏதாவது உண்டா? (வடசென்னைவாசி)

ப: உங்கள் பேட்டையிலேயே! ராயபுரம் மணியக்காரர் சத்திரம். 1780-களின் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதையொட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் ஸ்டான்லி. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று உங்கள் வீட்டுப் பெரிசுகள் சொல்வது அதனால்தான். ஆதரவற்ற முதியவர்களுக்கு அந்தச் சத்திரம் தலைமுறை தலைமுறையாக நிழல் கொடுத்து வந்திருக்கிறது. புரோஷர் கிடையாது, பிரீ-லாஞ்ச் ஆஃபர் கிடையாது.

கே: 'லைக் மைண்டட் கம்யூனிட்டி' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் என்றால் எந்தக் கருத்து? (எளியவன், திண்டுக்கல்)

ப: கிச்சனில் என்ன சமைக்க மாட்டோம் என்பதில் ஆரம்பித்து, யார் பக்கத்து வீட்டுக்கு வரக் கூடாது என்பதில் முடியும் கருத்து. சாதி என்று போட்டால் கேஸ் வரும், கருத்து என்று போட்டால் புக்கிங் வரும்.

கே: இளைஞர்களும் முதியவர்களும் ஒரே இடத்தில் இருக்கவே முடியாதா? (ஹாஸ்டல் மாணவர், சிதம்பரம்)

ப: நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வாடகை இல்லாத அறை கொடுக்கிறார்கள். மாதம் 30 மணி நேரம் பெரியவர்களோடு நல்ல அண்டை வீட்டுக்காரராகப் பழகினால் போதும். உங்கள் தாத்தாவோடு மாதம் மூன்று மணி நேரம் பேசிப் பாருங்கள். பாக்கெட் மணி நிச்சயம்.

கே: அப்பா, அம்மாவை சீனியர் லிவிங்கில் சேர்த்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறேன். தப்பு செய்துவிட்டேனா, மாமா? (நியூ ஜெர்சி)

ப: சேர்த்தது தப்பில்லை, மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒருதரம் வந்து, மூன்று நாள் தங்கி, மேனேஜரைக் கூப்பிட்டு ஐம்பது குறை சொல்லிவிட்டுப் பறக்கிறீர்களே, அதுதான் தப்பு. மீதி நாளெல்லாம் அந்த மேனேஜரோடு காலம் தள்ள வேண்டியது அவர்கள்.

கே: வயது 72. மனைவி காலமாகிவிட்டார். எதிர் வில்லா அம்மையார் தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். (கோவை, ஊர் பெயரைக்கூடப் போட வேண்டாம்)

ப: ஊரைப் போட்டாகிவிட்டது, மன்னிக்கவும். முதலில் உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கவில்லை என்றால் வாழ்த்துகள். பிள்ளைகளிடம் சொல்லும் முன் வக்கீலிடம் சொல்லுங்கள். 'அவங்க நல்லவங்களாப்பா?' என்று பிள்ளைகள் கேட்பது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்கும். முதல் கேள்வி, 'வில்லா யாருக்கு?'

கே: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எந்த கம்யூனிட்டியில் புக் செய்திருக்கிறீர்கள்? (விடாக்கண்டர், பொள்ளாச்சி)

ப: சொன்னால் நீங்களும் அங்கே வந்து கேள்வி கேட்பீர்கள்.